சப்பாத்துப் போட்ட எழுத்து

வெஸ்டனில் கடல் ஒரு மைல் பின்வாங்கும்.
விட்டுப்போவது மணல் மாதிரித் தெரியும்.
மணல் இல்லை.

ஒக்டோபரில் டெஸ்மண்ட் டோவி
நாயைத் தேடி இறங்கி
இடுப்புவரை நின்றார்.
சேற்றில் புதைந்த யானையைக் காக்கையும் கொத்தும் என்போம்.
அவரை எதுவும் கொத்தவில்லை, ஒரு கடற்புறா மட்டும்
தொப்பியில் வந்து இருந்தது.
நாய் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டது.

மீட்க வந்தவர்கள் பலகைகளைப் பரப்பினார்கள்.
அகலமாய்ப் படு, என்றார்கள். கைகளை விரி.
ஒல்லியாய் நிற்பவனைத்தான் சேறு விழுங்கும்.

அந்த இடத்தில் முன்பே ஓர் அறிவிப்பு இருந்தது.
நகரசபைக்காக நான் செய்தது.
மெல்லிய எழுத்து, சாம்பல் நிறம்,
சுற்றிலும் காற்றோட இடம் விட்டு
உணவகத்துப் பட்டியல்போல.
'தயவுசெய்து கவனிக்கவும்' என்று தொடங்கியது.
யாரும் தயவு செய்யவில்லை.

திங்கட்கிழமை பட்டைக்கால் எழுத்தைத் திறந்தேன்.
அதன் உடம்பில் இளைத்த இடமே கிடையாது.
கால் எவ்வளவு தடிப்போ பாதமும் அவ்வளவு,
செங்கல்லை அறுத்து வைத்த மூலைகள்.
ஏலம், சர்க்கஸ், குதிரைப் பந்தயம், ஓடிப்போன திருடன்:
இருநூறு வருஷமாய்ச் சுவரில் நின்று கத்திப் பழகியது.
கடிதம் எழுதச் சொன்னால் எழுதாது.
ஒரு பத்தியை அதில் கோத்தால்
மீன்சந்தையில் எல்லோரும் ஒரே நேரம் விலை சொன்னதுபோல் இருக்கும்.
ஒரு சொல் கொடு. ஒன்றே ஒன்று.
தோளில் போட்டுக்கொண்டு அரை மைல் நடக்கும்.

லண்டனில் பிறந்த இந்த இனத்துக்கு
எகிப்தியன் என்று பேர் வைத்தார்களாம்.
நைல் நதியை அது கண்டதில்லை.
பக்கத்து மேசை டெரிக் என்னிடம்
'உங்கள் இந்தியாவில் இப்போது மழையா' என்பான்.
நான் பூநகரி.
இந்தியாவை விமானச் சன்னலில் பார்த்திருக்கிறேன்,
அதுவும் முகில்.
பேரைத் திருத்த நேரமில்லாமல்
வேலை செய்கிறோம் இரண்டு பேரும்.

சேறு, ஆங்கிலத்தில் மூன்றெழுத்து.
எம் இரண்டு சப்பாத்தையும் ஊன்றி நின்றது.
டி, முதுகை நிமிர்த்தி வயிற்றைத் தள்ளிய பொலிஸ்காரன்.
நடுவில் யூ.
யூவுக்குக் கீழே கால் இல்லை.
இருப்பதெல்லாம் மேலே, இரண்டு பக்கமும் நீட்டிய பட்டைகள்.
கைகளை விரித்து விளிம்பைப் பிடித்தபடி
கீழே உருண்டையாய்த் தொங்குகிறது.
நான் எதையும் சேர்க்கவில்லை,
எழுத்து அப்படித்தான் இருந்தது.
டோவியின் படத்தைப் பத்திரிகையில் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

கூட்டத்தில் திருமதி ஹாலெட் கண்ணாடியைக் கழற்றினார்.
'இது கத்துகிறது.'
'ஓம்,' என்றேன்.
'கடற்கரைக்கு ஒரு அழகு இருக்கிறதே.'
'இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.'

களப்பை இரவில் நாங்கள் நடந்து கடந்தபோது
ஒரு பலகையும் இருக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.
அது நிகழ்ச்சிநிரலில் இல்லை.

ஏப்ரலில் நட்டார்கள், மஞ்சளில் கறுப்பு.
முதல் சனிக்கிழமையே ஒரு கல்யாணச் சோடி
அதன் முன் நின்று படம் எடுத்தது,
பெண்ணின் குதிச்சப்பாத்து கையில்.

டெரிக், தாயின் இறுதிச்சடங்குத் தாளுக்கு
அதே எழுத்து வேண்டும் என்று வந்தான்.
பிடித்துப்போய்விட்டதாம்.
வேண்டாம் டெரிக், என்றேன்,
அதற்கு வாய்பொத்தி நிற்கத் தெரியாது.
பழைய மெல்லிய சாம்பலை எடுத்துக் கொடுத்தேன்.
அவன் தாயின் பேர் அதில் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று டோவி நாயோடு வந்தார்.
பலகையை நெடுநேரம் நிமிர்ந்து பார்த்தார்.
'கொஞ்சம் சத்தம் கூட,' என்றார்.
எம்முக்கு நேர்கீழே, கம்பத்தில்,
நாய் ஒரு காலைத் தூக்கியது.
பிறகு இரண்டு பேரும்
தார்வீதிப் பக்கம் திரும்பிப் போனார்கள்.